அரசாணிக்காய்க்கு முதல் வெட்டு

பயப்படாதீங்க தம்பி, நல்லா சாய்ந்து உட்காருங்க. பைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது கொடுவாள் பிடிதான். ஆனால் ஆளை வெட்டுகிற சாமான் இல்லை. அரசாணிக்காய் வெட்டுவது. நீங்க மதுரைப் பக்கம் என்கிறீர்கள், அங்கே பரங்கிக்காய், மஞ்சள் பூசணி என்று ஏதாவது சொல்வீர்கள். எங்கள் கோபியில் அது அரசாணிக்காய்.

கண்டக்டரும் காந்திபுரத்தில் இப்படித்தான் மிரண்டார். "பெரியவரே, இதை வச்சுக்கிட்டு ஏறக்கூடாது" என்றார். பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, ஒரு வாய் கொடுத்தேன். அதற்கப்புறம் மறுவார்த்தை உண்டா? அவினாசி வரைக்கும் விசிலே ஊதவில்லை, கவனித்தீர்களா? டிரைவர் தானாக நிறுத்தித் தானாகக் கிளம்பினார். அந்த ருசி அப்படி. நாக்கு அசைய மனசில்லாமல் படுத்துக்கொள்ளும்.

ஜூஸ்தான் தம்பி. அரசாணிக்காய் மசாலா ஜூஸ். நானே கண்டுபிடித்தது. உங்களுக்கும் உண்டு. அவசரப்படாதீங்க, கோபி வர இன்னும் நேரம் கிடக்கிறது.

என் பேர் நாச்சிமுத்து. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். நான் பார்க்காத தீ கிடையாது. ஒரு தடவை சித்தோடு பக்கம் ஒரு மண்டி பற்றிக்கொண்டது. வண்டியில் தண்ணீர் காலி. பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். பந்திக்கு வைத்திருந்த ரசம் முழுவதையும் குழாயில் விட்டு அடித்தேன். தீ அணைந்தது மட்டுமா, வேடிக்கை பார்த்த சனத்துக்கெல்லாம் இருந்த சளியும் போய்விட்டது. சிரிக்காதீங்க. நான் சொல்ல வந்தது அதில்லை.

சொல்ல வந்தது என் ஆபீஸைப் பற்றி. ஆமாம், ரிட்டயர் ஆனவன்தான், ஆனாலும் ஆபீஸ் உண்டு. தண்ணித்தொட்டி வீதியில், என் வீட்டு வாசற்படியில். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முழு அரசாணிக்காயைப் பொம்பளைகள் உடைக்கக்கூடாது. ஆண்பிள்ளை ஒருத்தன் முதல் வெட்டு போட்டுக் கொடுக்கணும், அப்புறம் அவர்கள் நறுக்கிக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. முழுக்காயையும் ஒரே வீட்டில் சமைத்துத் தின்னக்கூடாது, கொஞ்சமாவது வெளியே கொடுக்கணும். எங்கள் வீதியில் ஆண்பிள்ளை எல்லாம் விடிந்தால் மில்லுக்கும் லாரிக்கும் போய்விடுவார்கள். ஒருத்தன் துபாயில் இருக்கிறான். பகலில் மீசையோடு இருக்கும் ஆள் நான் ஒருத்தன்தான். அதனால் வீதியின் முதல் வெட்டு என்னுடையது.

எப்போது ஆரம்பித்தது என்றால், என் வீட்டுக்காரி பாவாயி போய்ச் சேர்ந்த சமயம். நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் ஓய்வில் இருந்தேன். சமையல் இல்லை, பன்னும் டீயும் போதும். பேச்சுத்துணைக்குச் சுவரில் ஃபேன் இருந்தது. அந்த ஃபேன் என்னோடு பேசும் தம்பி. நான் ஒரு கேள்வி கேட்டால் இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. நல்ல ஞானமுள்ள ஃபேன். அப்படி நிம்மதியாக இருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறக்கிற வரைக்கும் தட்டினார்கள். பார்த்தால் மயிலாத்தா, இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல ஒரு காயோடு.

"ஏனுங்ணா, இதைக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க. வூட்ல ஆம்பளையாளு யாருமில்லீங்க."

மயிலாத்தா யார் தெரியுமா? எங்கள் வீதிமுனைக் கறிக்கடைக்காரர் சம்சாரம். அவர் ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போய்விட்டால் கடையில் உட்கார்வது அவள்தான். பக்கத்துக் கடைக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே ஆட்டுத் தொடையைத் துண்டு போடுவாள். எலும்புத் தூள் ஒன்று தெறிக்காது. அப்படிப்பட்ட கைக்கு அரசாணிக்காயைக் கண்டால் நடுக்கமாம். வழக்கத்துக்கு எவ்வளவு பயம் பாருங்க.

நான் கொடுவாளைத் தேடி எடுத்து ஒரே போடு. காய் இரண்டாகப் பிளந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று கும்பிட்டது. மயிலாத்தா ஒரு கீற்றை வெட்டி என் கையில் கொடுத்தாள். "வெட்டுன கைக்கு ஒரு பங்கு வெக்கோணுமுங்க" என்றாள். கூடவே ஒரு தூக்குச்சட்டி. "குழம்பு மீந்து போச்சுங்ணா, எருமைக்கு ஊத்தறதுக்குப் பதிலா..." என்றாள். அவள் வீட்டில் எருமை கிடையாது என்பது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. வாய் தவறிச் சொல்லியிருப்பாள்.

மறுநாள் பூங்கொடி. டெய்லர். வாய் மட்டும் ஒரு மிஷின், அதற்கு நூல் அறுவதே கிடையாது. "மாமா, உங்க கைராசிக்கு நேத்து மயிலாத்தா அக்கா வூட்ல பொரியல் அமிர்தமா இருந்துச்சாம். எனக்கும் ஒரு வெட்டு" என்று காயை நீட்டினாள். அதற்கு மறுநாள் ஜமீலா. அவர்கள் வீட்டு ஆட்கள் பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிறவர்கள். அவர்கள் வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டேன். "ஐயோ, எங்களுக்கு உங்களைவிடக் கண்டிப்பு மாமா" என்றாள். நமக்கு எவ்வளவு விஷயம் தெரியாமல் போய்விடுகிறது, பாருங்க.

அப்புறம் தினமும் யாராவது ஒருத்தர். ஒருநாள் தவறாது. காலை ஒன்பது மணிக்கு நான் குளித்து, சட்டை போட்டு, கொடுவாளைத் தீட்டி ரெடியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பூங்கொடி வீதியில் நின்றே, "ஆபீசர் இன்னிக்கு லீவா?" என்று கத்துவாள். அந்த வருஷம் அரசாணி விளைச்சல் அப்படி. அடுத்த வருஷமும் அப்படி. அதற்கு முன்னால் எங்கள் வீதியில் இந்தக் காயை யாரும் அதிகம் தின்று நான் பார்த்ததில்லை. மண் மாறிவிட்டது.

ஒரே ஒரு தொல்லை எலி. சில நாள் கொண்டுவரும் காயில் பின்பக்கம் ஒரு கீற்று காணாமல் போயிருக்கும். கேட்டால் "எலிங்க மாமா" என்பார்கள். எலி என்றால் சாதாரண எலியா? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகக் கடித்திருக்கும். விதையைக்கூடச் சுத்தமாக வழித்து எடுத்திருக்கும். அப்படிப் பல்லுள்ள எலியை நான் சர்வீஸில் கண்டதில்லை.

சரி, ஜூஸுக்கு வருகிறேன். ஆளுக்கு ஒரு கீற்று என்று வாங்கினேனா, வீட்டில் கீற்று சேர்ந்துவிட்டது. அடுக்களையில் கீற்று, கட்டிலுக்கு அடியில் கீற்று, டிவி மேல் கீற்று. ராத்திரி விளக்குப் போடவே வேண்டியதில்லை, அந்த மஞ்சளிலேயே பேப்பர் படித்தேன். கூட்டு வைத்தேன், பொரியல் வைத்தேன், தீரவில்லை. ஒருநாள் தோலைச் சீவி, ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டினேன். நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்தேன். சுக்கு, மிளகு, ஏலக்காய், ரெண்டு கிராம்பு, விரல் நீளம் பட்டை, எல்லாம் இடித்துப் போட்டேன். ஒரு சிட்டிகை உப்பு. இறக்கினபிறகு அரை மூடி எலுமிச்சை. நிறம் என்ன நிறம் தெரியுமா? பொழுது சாய்கிற சூரியனைப் பிழிந்து டம்ளரில் ஊற்றின மாதிரி.

அளவு மட்டும் முதலில் பிடிபடவில்லை. மிளகு கைப்பிடி விழுந்துவிட்டது. குண்டானைத் திறந்ததும் பக்கத்து வீட்டுச் சேவல் பட்டப்பகலில் கூவியது. அது ஊமைச் சேவல் தம்பி. அப்புறமும் மிளகைக் குறைக்கவில்லை. தீயோடு பழகினவனுக்கு அது ஒரு காரமா?

அன்றிலிருந்து புது விதி போட்டேன். காலையில் காய் வெட்டிக்கொண்டவர்கள் சாயந்திரம் வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஜூஸ் குடிக்கவேண்டும். தட்டாமல் வந்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு ஜமீலா வீட்டு முருங்கை மரத்தடிக்குப் போய் நிழலில் நின்றுதான் குடிப்பார்கள். குடித்து முடித்து வரும்போது முகத்தில் என்ன ஒரு நிம்மதி. பூங்கொடியின் மாமியார் ஒருநாள் என் கண் முன்னாலேயே ஒரு டம்ளர் குடித்தாள். அந்தம்மா மருமகளைத் திட்டாமல் ஒரு பொழுதும் இருந்ததில்லை. குடித்தபிறகு விளக்கு வைக்கும்வரை ஒரு பேச்சில்லை. மறுநாள் முதல் பூங்கொடி, "மாமா, அத்தைக்கு மட்டும் ரெண்டு டம்ளர்" என்று சொம்போடு வந்துவிட்டாள்.

அந்த முருங்கை மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அது ஒரு அதிசயம். இரண்டு வருஷத்தில் மாடிக்கு மேலே போய்விட்டது. காய் ஒவ்வொன்றும் என் உயரம். சாம்பாரில் போட்டால் இனிக்கிறது, கிராம்பு வாசம் வேறு. வேளாண்மைக் கல்லூரிக்கு எழுதிப் போடலாம் என்று நினைத்திருக்கிறேன். என்ன காரணம் என்றே யாருக்கும் விளங்கவில்லை.

இப்படி ஆபீஸ் நடந்துகொண்டிருக்கும்போதுதான் என் பையன் மனோகரன் வந்து நின்றான். கோயமுத்தூரில் பம்ப் கம்பெனியில் இருக்கிறான். நான் குளியலறையில் விழுந்துவிட்டேன் என்று யாரோ அவனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். நான் விழவில்லை. தரைதான் கொஞ்சம் மேலே வந்தது.

"அப்பா, கெளம்புங்க. தனியா இங்க என்னத்தப் பண்றீங்க?"

"ஆபீஸ் நடத்தறேன்."

"எந்த ஆபீஸ்?"

சொன்னேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். வீடு வாடகை வீடு. காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் அவனே பேசிவிட்டான். மறுநாள் காலையில் சாமான் ஏற்ற டெம்போவும் வந்து நின்றது. எனக்கு ஒன்றும் இல்லை தம்பி. நான் போகத் தயார்தான். அன்றைக்குக் காலையில் டீ இறங்கவில்லை என்றால் அது பால் சரியில்லாததால். வீதி என்ன ஆகும் என்பதுதான் கவலை. இத்தனை வீட்டுக் காய்க்கு முதல் வெட்டு யார் போடுவது?

கட்டிலை ஏற்றிவிட்டார்கள். ஃபேனைக் கழற்றும்போது மயிலாத்தா வந்தாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று.

"நீங்க போறீங்களாமா. இதை வெட்டிக் குடுத்துப்போட்டுப் போங்ணா. நாளைக்கு நான் எங்க போவேன்?"

நியாயம்தானே? வெட்டினேன். நிமிர்ந்தால் பூங்கொடி, மூன்று காயோடு. அவளுக்குப் பின்னால் அவள் மாமியார். "நானும் ஒண்ணு கொண்டாந்திருக்கேன், எனக்கும் யாரிருக்கா" என்றது அந்தம்மா. ஜமீலா ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவள் உட்கார இடமில்லை, டிரைவர் மடியில்கூடக் காய். உழவர் சந்தையையே வழித்துக்கொண்டு வந்திருந்தாள். வீதி முழுக்க வரிசை நின்றது. நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். வெட்டுகிறேன், வெட்டுகிறேன், அங்கே ஒரு வெட்டுக்கு இங்கே ரெண்டு காய் முளைக்கிறது. என் பங்குக் கீற்று டெம்போ உயரத்துக்குக் குவிந்துவிட்டது. வெட்டின காயை மறுநாளுக்கு வைக்க முடியுமா? ஜமீலா அண்டா கொண்டுவந்தாள். நடுவீதியில் கல் கூட்டி ஜூஸ் கொதித்தது. வெயிலுக்கு அதன் ஆவி மேலே போய், மஞ்சளாக ஒரு மேகம் நின்று, நாலு தூறல் போட்டது. குடை பிடித்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், நீங்களே விசாரிக்கலாம்.

"அப்பா, போதும் நிறுத்துங்க" என்றான் மனோகரன்.

"பாதியில எழுந்தா பாவம்டா."

பொழுது சாய்ந்துவிட்டது. டெம்போக்காரர் கட்டிலை இறக்கி அதிலேயே படுத்துவிட்டார். மறுநாள் காலை கதவைத் திறந்தால் மறுபடியும் வரிசை. கோபியில் காய் தீர்ந்து சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தது. மனோகரனுக்குப் பொறுக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டினான்.

"இன்னிக்கு நான் வெட்டறேன். ஆம்பளைதானே வேணும்? நானும் ஆம்பளைதான். சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்பலாம்."

எதற்கென்று கேட்காதீங்க, கொடுவாளை அவன் கையில் கொடுக்கும்போது என் கை அதை விடவில்லை, அவன்தான் பிடுங்கிக்கொண்டான்.

ஓங்கிப் போட்டான். கொடுவாள் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டது. இழுத்தான், வரவில்லை. காயோடு சேர்த்துத் தூக்கித் தரையில் அடித்தான். காய் எகிறி அவன் காலில் விழுந்தது. கொடுவாளில் மாட்டின காயைத் தூக்கிக்கொண்டு வீதியில் இப்படியும் அப்படியும் ஆடுகிறான், கரகாட்டம் போல. பூங்கொடி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். "பம்ப் கம்பெனியில இதுக்கெல்லாம் மிஷின் இல்லீங்களா?" என்றாள்.

அவன் மறுபடி ஓங்கினான். கை தவறிக் காலில் பட்டிருக்கும். சட்டென்று மயிலாத்தா எழுந்தாள்.

"அட, அப்படி இல்லீங்க தம்பி. இங்க குடுங்க."

வாங்கினாள். இடது கையால் காயை ஒரு திருப்பு, கொடுவாளை ஒரு அசை, உள்ளங்கையால் ஒரு தட்டு. காய் இரண்டு பாதியாகத் தரையில் உட்கார்ந்தது. தராசில் வைத்தால் ஒரு விதைகூட எடை வித்தியாசம் இருக்காது.

ஜமீலா முருங்கை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். பூங்கொடி சிரிப்பை நிறுத்திவிட்டாள். மயிலாத்தா தன் கையையே பார்த்துவிட்டு, அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

எனக்குப் பதறிவிட்டது. "மயிலாத்தா, என்ன காரியம் பண்ணிப்போட்டே. தோஷமாச்சே" என்றேன். பாவம், என் பையன் காலைக் காப்பாற்றுகிற பதற்றத்தில் வழக்கத்தை மறந்துவிட்டாள். பரிகாரமும் அந்த இடத்திலேயே சொன்னேன், ரெண்டு டம்ளர் ஜூஸ், நின்ற இடத்திலேயே. அன்றைக்கு மரத்தடிக்குப் போகவில்லை. எல்லார் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பக்தி.

மனோகரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டின பாதியைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது எத்தனை நாளா நடக்குது?" என்றான்.

"எது தம்பி?"

"ஒண்ணுமில்லீங்க."

படியில் உட்கார்ந்தான். "அப்பா, எனக்கு ஒரு டம்ளர் குடுங்க" என்றான். அதுவரைக்கும் அவன் ஜூஸை மோந்துகூடப் பார்த்ததில்லை. அடிவரைக்கும் குடித்தான் தம்பி. அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் டெம்போக்காரரை எழுப்பி, "ஃபேனைத் திரும்ப மாட்டிருங்க" என்றான். என்னிடம், "இங்கேயே இருங்கப்பா. உங்களுக்கு இங்க வேலை ஜாஸ்தி" என்றான். கிளம்பும்போது மயிலாத்தாவிடமும் ஜமீலாவிடமும் ஏதோ தனியாகப் பேசிவிட்டுப் போனான். அளவு கேட்டிருப்பான், மிளகு எவ்வளவு என்று.

பார்த்தீர்களா? ஒரே ஒரு டம்ளர். என் வாழ்க்கையில் அணைத்ததிலேயே பெரிய தீ அதுதான். நான் வாயைத் திறந்து போகமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் ஜூஸ் பண்ணின வேலை.

நேற்று பேத்திக்குப் பிறந்தநாள் என்று கோயமுத்தூர் போனேன். கொடுவாளையும் எடுத்துக்கொண்டு போனேன், அங்கேயும் யாருக்காவது தேவைப்படுமே என்று. எங்கே, மருமகள் அரசாணிக்காயைக் கீற்றாகவே வாங்குகிறாள், பிளாஸ்டிக் காகிதம் சுற்றி. முதல் வெட்டு எந்த ஊரில் எவன் போட்டானோ. அந்தக் கீற்றில்தான் இன்றைக்கு விடிகாலையில் இந்த ஜூஸ் போட்டேன். ராத்திரி பூங்கொடி போன். "மாமா, எப்ப வருவீங்க? காய் ஒண்ணு அனாதையாக் கெடக்குது." கூடவே அவள் மாமியார் குரல், "மாத்திரை போட்டாரான்னு கேளுடி." வயசான மனுஷி, தன் மாத்திரையை என்னிடம் விசாரிக்கிறது.

இந்தாங்க, இது உங்கள் பங்கு. சூடு ஆறவில்லை, பார்த்து. நான் இந்தக் கொடுவாளைக் கொஞ்சம் பேப்பரில் சுற்றிக்கொள்கிறேன், இறங்குகிற நேரம் வந்துவிட்டது.

அட, அதற்குள் முடித்துவிட்டீர்களா? ஜன்னல் கம்பியெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே. காற்று. ஓடுகிற பஸ்ஸில் குடித்தால் இப்படித்தான் கொஞ்சம் சிந்தும். இன்னொரு மூடி ஊற்றவா? வேண்டாமா? சரி, வயிறு ஏற்றுக்கொள்கிற அளவு போதும்.

கோபி பஸ் ஸ்டாண்டு. அதோ பாருங்க, டீக்கடைத் தூணுக்குப் பக்கத்தில், பச்சைச் சேலை. மயிலாத்தா. காயைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவரைக்கும் பொறுக்கவில்லை. எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை, எப்போதிருந்து நிற்கிறாளோ.

அந்தக் காயைப் பாருங்க. பின்பக்கம், அவள் முந்தானை மறைக்கப் பார்க்கிறதே அந்த இடம். ஒரு கீற்று இல்லை, தெரிகிறதா? எவ்வளவு நேராக இருக்கிறது.

எலிதான் தம்பி. நல்ல மருந்து ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால்... இல்லை, வேண்டாம். மருந்தெல்லாம் வைக்கவேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.